பதினேழாம் நம்பர் ஜாடி

மருத்துவக் கல்லூரியில் அவரைத் தட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உடற்கூறியல் துறையில், மாணவர்கள் பார்த்துப் படிக்க வேண்டிய உறுப்புகளை மருந்து வாளியிலிருந்து எடுத்து, கழுவி, எவர்சில்வர் தட்டில் அடுக்கி, மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. பாடம் முடிந்ததும் சரிபார்த்துத் திரும்ப வாளியில் போட வேண்டும். பத்தாம் வகுப்பு தாண்டாத ஆள். தரை துடைக்கச் சேர்ந்து, முதல் நாளே வாந்தியெடுத்து, இரண்டாம் நாள் வராமல் போய், மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தவர். அதன்பின் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

காதில் விழுந்ததெல்லாம் மண்டையில் நின்றுவிடும் பிறவி அவர். பேராசிரியர் ஒரே பாடத்தை வருஷா வருஷம் சொல்ல, தட்டுக்காரர் மூலையில் நின்றபடி கேட்டார். படித்த பையன்கள் மறந்துபோய் விழிக்கும்போது இவர் கண்ணாலேயே ஜாடை காட்டுவார். குறிப்பாக மூளை அவருக்கு அத்துப்படி. அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஓடும் ரத்தக்குழாய்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்லுவார்:

"கழுத்து வழியா நாலு ரோடு மேல வருது. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. பின்னால வர்ற ரெண்டும் வழியிலேயே ஒண்ணாச் சேர்ந்துக்கும். எல்லாம் வந்து மூளைக்கு அடியில ஒரு ரவுண்டானாவுல கலக்குது. அங்கிருந்து மூணு ஜோடி ரோடு பிரியுது. முன் தமனி போறது காலுக்கு. நடுத் தமனி முகத்துக்கும் கைக்கும், இடப்பக்கம்னா பேச்சுக்கும். பின் தமனி பார்வைக்கு. எது அடைச்சுக்கிச்சோ அந்த ஊருக்குச் சோறு தண்ணி கிடையாது. இடது ரோடு அடைச்சா வலது கை போகும், வலது அடைச்சா இடது. அவ்வளவுதான் பாடம்."

அவர் குடியிருந்த தெருவில் அவர் பெயர் டாக்டர். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. மருத்துவக் கல்லூரியில் வேலை என்று கேட்ட யாரோ, கேலியாகவோ மரியாதையாகவோ ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் முறை கூப்பிட்டபோது சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. மூன்றாம் முறை திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு மறுக்கும் நேரம் கடந்துவிட்டது. முழங்கால் வலி, தலைசுற்றல், குழந்தைக்கு இருமல் என்று மாலையில் இரண்டு மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். மாத்திரை எதுவும் தரமாட்டார். ஆனால் கையைப் பிடித்துப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்ல" என்பார். ஜனங்களுக்கு அதுவே பாதி மருந்தாக இருந்தது.

"டாக்டர் ஐயா, அந்த வாளி வாசனையோட கட்டில்ல உட்காராதீங்க" என்பாள் மனைவி. வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது.

அவருடைய தங்கை கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மைக். பேருந்து நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுபவர். ஊரில் அவர் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு, குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டிலும் அதே குரல்தான். "பயணிகளின் கவனத்திற்கு. குளியலறை இன்னும் ஐந்து நிமிடத்தில் காலியாகும். துண்டு எடுத்து வருபவர்கள் எடுத்து வரலாம்" என்று உள்ளேயிருந்து அறிவிப்பார். தங்கை வெளியே நின்று, "பயணி ஒருத்தி குளிச்சுட்டுச் சமைக்கணும், சீக்கிரம் வண்டியை எடுங்க" என்று கத்துவாள். அவள் பேச்சும் சளைத்ததில்லை. அவர்கள் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே கீழ்வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை இருக்கும். தட்டுக்காரர் பதினோரு மணி வகுப்புக்காக மூளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்ட ஏழெட்டு மாணவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். பின்கதவு வழியாக மைக் வந்தார். கல்லூரியும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்துதான்.

"மச்சான், ஒரு நிமிஷம்."

"வாங்க மாப்பிள்ளை. டூட்டி இல்லையா?"

"அனுப்பிட்டாங்க." மைக் வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "கை திடீர்னு மரத்துப்போச்சு. பேனா கீழ விழுந்துச்சு. சரின்னு மைக்கைப் பிடிச்சா, நாக்கு புரளல. ரெண்டாம் நடைமேடைன்னு சொல்ல வந்தா வேற என்னவோ வருது. ஸ்டாண்டே சிரிச்சிருக்கு. ஒரு கூட்டம் தப்பான பஸ்ல ஏறிடுச்சு. பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். அப்புறம் பளிச்சுன்னு சரியாயிடுச்சு. இப்ப பாருங்க, பேசுறேன்ல?"

"நல்லாத்தான் பேசுறீங்க. எப்பவும் போலக் கொஞ்சம் கூடவே."

மாணவர்கள் சிரித்தார்கள். மைக்கும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேஷுவால்டி பக்கத்துலதானே இருக்கு. போய்க் காட்டிட்டு வரட்டுமா? நீங்க கூட வந்தா..."

தட்டுக்காரர் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். அவசரப் பிரிவுக் கட்டடம் அங்கிருந்தே தெரியும். நடந்தால் மூன்று நிமிஷம். போன வருஷம் எதிர்வீட்டுக்காரரை அங்கே கூட்டிப்போயிருந்தார். அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் "டாக்டர், டாக்டர்" என்று இவரைக் கூப்பிட, பணியில் இருந்த இளம் மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "யாருப்பா டாக்டர்? நீ அனாட்டமி வாளி ஆள்தானே? வெளிய நில்லு" என்றார். எதிர்வீட்டுக்காரர் அதன்பின் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

"ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றார் தட்டுக்காரர். நீட்டினார். இரண்டும் சமமாக நின்றன. "சிரிங்க." சிரித்தார். உதடு கோணவில்லை. "அஞ்சாம் நடைமேடை அறிவிப்பு ஒண்ணு சொல்லுங்க." மைக் முழுக் குரலில் சொன்னார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

தட்டுக்காரர் அலமாரியைத் திறந்து பதினேழாம் நம்பர் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். உள்ளே ஒரு மூளை. இடது நடுத் தமனிக்குள் கறுத்த நூல்போல ரத்தம் உறைந்து, அதைச் சுற்றிய இடம் சுருங்கிப்போயிருந்தது. அவர் கையாலேயே பக்குவப்படுத்தியது.

"இதைப் பாருங்க. அடைப்புன்னா இதுதான். இதை ஜாடியில போட்டு இருபத்திரண்டு வருஷமா நான் பார்க்கிறேன். தானாத் திறந்துச்சா? அடைச்ச ரோடு தானாத் திறக்காது மாப்பிள்ளை. உங்களுக்குத் திறந்திருச்சு. அப்ப அது அடைப்பே இல்ல. கையைக் கோணலா வச்சுப் படுத்திருப்பீங்க. வெறும் வயித்துல கத்தியிருப்பீங்க. ஒண்ணுமில்ல."

ஒரு மாணவி தன் நோட்டில் எதையோ குறித்துக்கொள்வதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்பாங்க" என்றார் மைக், முகம் தெளிந்து. "உங்ககிட்ட அந்தப் பயமில்ல மச்சான். உங்க நோயாளிங்க ஏற்கனவே செத்தவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார். வாசல்வரை வந்து, "தங்கச்சிகிட்ட சொல்லி வைக்காதீங்க. ஊரையே கூட்டிடுவா" என்று அனுப்பிவைத்தார்.

மைக் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை விஷயம் வேறு வழியில் தங்கைக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை அவள் புருஷன் ஒலிபெருக்கியில் நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், பயணிகள் புகார் எழுதிக் கொடுத்ததாகவும் கீழ்வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். மைக் முகம் கழுவும் தொட்டியருகே பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்று ஒரு மூச்சு கத்தினாள். அலுவலகத்தில் தூங்கினீர்களா என்றாள். அவர் ஏதோ மழுப்பினார். "வேற என்ன தெரியும் உங்களுக்கு? இந்த வாய் ஒண்ணுதான் நமக்குச் சோறு போடுது. அதையும் ஒழுங்கா வச்சுக்க முடியலன்னா, அது இருந்தென்ன, போயென்ன" என்றாள்.

அவர் பதில் சொல்லத் திரும்பினார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. வாயோரம் நுரை வழிந்தது. வலது பக்கமாகச் சரிந்து தொட்டியைப் பிடிக்கப் பார்த்து, அந்தக் கை எழும்பாமல், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மைக்கை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தட்டுக்காரருக்குச் செய்தி வந்தபோது அவர் அதே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷ வழியை ஒரு நிமிஷத்தில் ஓடினார்.

அங்கே பணியில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். இவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, தங்கையிடம், "இவர் உங்க அண்ணனா? எனக்கு முதன்முதலா மூளையைக் கையில கொடுத்தவரே இவர்தான். இவர் இல்லேன்னா அந்த வருஷம் நான் பாஸாகியிருக்க மாட்டேன்" என்றார். தங்கை அந்த அழுகையிலும் அண்ணனைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எங்கே ஒளிவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல. அடைப்புதான்" என்றார் மருத்துவர். "கழுத்துல இடது குழாய் பல வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கியிருக்கு. அங்கிருந்து ஒரு துணுக்கு கழன்று மேல போய், நடுத் தமனியோட மேல்கிளையில மாட்டியிருக்கு. அதான் வலது கை, முகம், பேச்சு. நாம சொல்றது அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வராது. சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க, கரைக்கிற மருந்து போடுறோம். எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது." பிறகு கேட்டார். "பெரிசா வர்றதுக்கு முன்னாடி சிலருக்குச் சின்னதா ஒண்ணு வந்து, தானா சரியாயிடும். கை மரத்துப்போறது, பேச்சுக் குழறுறது. துணுக்கு மாட்டி, கரைஞ்சு, வழி விட்டுடும். அடுத்த ரெண்டு நாள்தான் ஆபத்து. அப்பவே வந்தா பல பேரைத் தடுத்துடலாம். இவருக்கு அப்படி ஏதாவது?"

"இல்லம்மா" என்றாள் தங்கை. "நல்லாத்தான் இருந்தாரு. நான்தான் கத்திட்டேன்."

மருத்துவர் தட்டுக்காரரைப் பார்த்தார். "உங்ககிட்ட எதுவும் சொல்லலையே அண்ணே? சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

கரைந்து வழிவிடும். இருபத்தாறு வருஷத்தில் அதை அவர் கேட்டதில்லை. அவருக்குக் கிடைத்த மூளைகள் எல்லாம் முடிந்துபோனவை. வந்துவிட்டுப் போன எதுவும் ஜாடியில் தங்குவதில்லை.

கட்டிலிலிருந்து மைக் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

தட்டுக்காரர் தலையை ஆட்டினார். இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மூன்றாம் நாள் மைக்கின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "ஒண்ணுமில்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஒண்ணுமில்ல, வலிக்கிறதா என்றாலும் ஒண்ணுமில்ல. இப்படி ஒரே சொல் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு, போகப் போக மற்றதும் வரலாம் என்றார்கள். வந்து பார்த்தவர்கள், எவ்வளவு நல்ல மனுஷன், நமக்குத் தைரியம் சொல்கிறார் என்று கண்ணைத் துடைத்தார்கள். தட்டுக்காரர் மட்டும் அந்தச் சொல் கேட்கும் போதெல்லாம் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே போனார். அந்த வாரம் அந்த வார்டில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் கால் ஓரளவு தேறியது. சுவரைப் பிடித்து நடந்தார். கை கொஞ்சம் அசைந்தது. பேச்சு மட்டும் அந்த ஒரு சொல்லைத் தாண்டவில்லை. ஞாயிறுதோறும் தட்டுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு போவார். போகப் போக அவருக்கு ஒன்று தெரிந்தது. அந்த வீட்டில் சத்தமே இல்லை. தங்கை தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், விரலால் காட்டுவாள், தலையசைப்பாள். இவர் கேட்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டு சொல். கீழ்வீட்டுப் பெண்கூட, "வீடு பூட்டியிருக்கோன்னு நினைச்சேன்" என்றாள்.

ஆறாவது வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் படிக்கட்டில் இவரை மடக்கினாள். "நீங்க அவங்க அண்ணன்தானே? நான் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வர்றேன். மிச்ச நேரம் அவர் காதுல பேச்சே விழல. இந்த வீட்ல யாரும் பேச மாட்டாங்களா? பேசணும், பாடணும், சண்டை போட்டாக்கூட நல்லதுதான். இந்த முதல் சில மாசம்தான் வேகமாத் திரும்பும். இதை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அவர் மேலே போனார். மைக் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கை சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், பாத்திரத்துக்குக்கூட வலிக்காமல்.

"அவர்கிட்ட பேசச் சொல்றாங்கம்மா. ஏன் பேச மாட்டேங்கிற?"

அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். பிறகு அவள் சொன்னாள். "இந்த வாயாலதான் அண்ணா அவர் வாய் போச்சு. இருந்தென்ன போயென்னன்னு கேட்டேன். அடுத்த நிமிஷம் போச்சு. இனிமே இதைத் திறக்கவே பயமா இருக்கு."

"கத்துறதால குழாய் அடைக்காதும்மா. அது வருஷக்கணக்காச் சுருங்கினது. டாக்டரே சொன்னாங்கல்ல."

"நீ எனக்காகச் சொல்ற. திங்கக்கிழமை டூட்டிக்குப் போனாரு. செவ்வாய்க்கிழமை நல்லா இருந்தாரு. புதன்கிழமை நான் கத்தினேன்."

அவருக்குத் தெரிந்த பாடம் முழுவதும் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. ரவுண்டானாவை வரைந்து காட்டினாலும் அவள் நம்பப் போவதில்லை. அவளை விடுவிக்க ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஆறு வாரமாக அதை அவர் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். தங்கை தன்னைத்தானே விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்காக? தெருவில் நான்கு பேர் கூப்பிடும் ஒரு பெயருக்காகவா? அதுவும் தனக்குச் சொந்தமில்லாத பெயர்.

"திங்கக்கிழமை நல்லா இல்ல" என்றார்.

அவள் குழாயை மூடினாள்.

"திங்கக்கிழமையே கை மரத்துச்சு. பேச்சுக் குழறுச்சு. அதான் மைக்ல மாத்திச் சொன்னது. என்கிட்ட வந்தாரு. நான் ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"அங்கிருந்து கேஷுவால்டி எவ்வளவு தூரம்?"

"மூணு நிமிஷம்."

"அவர் போகணும்னு சொல்லலையா?"

"சொன்னாரு. கூட வரச் சொன்னாரு."

"ஏன் போகல?"

வகுப்பு இருந்தது என்று சொல்லலாம். வரிசை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. "பசங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க" என்றார். "அங்க போனா என்னை வாளி ஆள்னு வெளிய நிக்க வைப்பாங்க. இங்க நான் சொல்றதை ஒரு பொண்ணு நோட்டுல எழுதிச்சு."

அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். பின்னால் செருப்பு இழுபடும் சத்தம். மைக் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்திருந்தார். மனைவியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, விட்டுவிடு என்பதுபோல் அசைத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"நீங்க சும்மா இருங்க." அவள் கத்திய கத்தலில் அடுக்கிவைத்த தட்டு ஒன்று சரிந்தது. "ஒண்ணுமில்லையாம், ஒண்ணுமில்ல. உங்களுக்கு எங்க போச்சு புத்தி? கட்டினவகிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒருத்தன் சொன்னா கேட்டுக்கிட்டு வந்துடுவீங்களா? ஊருக்கெல்லாம் அறிவிக்கத் தெரியுது, வீட்ல ஒரு வார்த்தை அறிவிக்கத் தெரியல. ஆறு வாரமா நான் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. அதுதான் அதிகம் சுட்டது. "ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா உன்னைப் புகழ்ந்தப்ப நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? பக்கத்துல நின்னு தலையாட்டினியே. நான்தான் கத்திட்டேன்னு நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு நின்னியே."

அவர் சரிந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"போ. நானாக் கூப்பிடுற வரைக்கும் இந்தப் படி ஏறாத."

இறங்கி வந்தார். தெருவுக்கு வந்த பிறகும் மாடியிலிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "வந்துட்டாங்கப்பா" என்று உள்ளே யாரிடமோ சொன்னாள்.

அடுத்த நாள் நரம்பியல் மருத்துவரின் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, அவரிடமும் சொன்னார். அவர் திட்டவில்லை. குறிப்பேட்டில் அந்தத் திங்கட்கிழமையை எழுதிக்கொண்டார். பிறகு, "நீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. மாலையில் வாசலில் வந்து நின்ற தையல்காரரிடம், "நான் டாக்டர் இல்லீங்க. காலேஜ்ல தட்டுத் தூக்குறவன். பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். தையல்காரர் சிரித்தார். "அது தெரியாதா எங்களுக்கு? சும்மா கூப்பிடுறதுதானே." அதைக் கேட்டபோது அவருக்கு இன்னும் கூசியது. ஒருவரும் நம்பாத பெயருக்காகவா இத்தனையும்?

நான்கு வாரம் கழிந்தது. தங்கை கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் பொறுக்காமல் கிளம்பிப் போனார். முதல் மாடித் திருப்பத்திலேயே கால் நின்றுவிட்டது. மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து அவள் குரல், அறிவிப்பு வாசிக்கும் ராகத்தில், முழுச் சத்தமாக.

"பயணிகளின்..."

"கவன... கவனத்து..."

"கவனத்திற்கு. திரும்ப. ரெண்டாம் நடை..."

"மேடை."

"ஆமா, மேடை. இதையே இன்னிக்குள்ள அஞ்சு தடவை சொல்லலன்னா சோறு கிடையாது. ரெண்டாம் நடை..."

தட்டுக்காரர் மேலே இரண்டு படி ஏறினார். பழப்பை கைப்பிடியில் இடித்தது.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

சத்தமில்லாமல் இறங்கிவிடலாம். அவருக்குப் பழக்கமான வழி அதுதான். "நான்தான்" என்றார். "அண்ணன்."

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடி கதவுவரை வந்தது. நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. சற்றுக் கழித்துக் காலடி திரும்பிப் போயிற்று.

"ரெண்டாம் நடை..." என்றாள் அவள், விட்ட இடத்திலிருந்து.

அவர் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். உள்ளே மைக் தடுக்கினார், மறுபடி தொடங்கினார், "மேடை" என்றார். எண்ணிக்கொண்டிருந்த தங்கை, "ரெண்டு" என்றாள். இன்னும் மூன்று தடவை பாக்கி இருந்தது.